கரிசல் மண்ணிலிருந்து செண்பகாதேவி அருவி வரை

தண்ணீரின் அருமையை ஒருவர் அறிய விரும்பினால், திருவேங்கடம் வட்டாரத்தில் ஒரு கோடையைக் கழித்தால் போதும். பருத்தியும் சோளமும் பயறும் விளையும் கரிசல் நிலம் அது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மண் விரல் நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும். கண்மாய்கள் வறண்டு, கிணறுகளின் அடித்தளம் தெரியும். பள்ளிவாசல் ஹவுலில் நீர் குறையும்போது, உளூச் செய்ய வருவோர் ஒரு குவளை நீரில் அதனை முடித்துக்கொள்ளப் பழகிவிடுவர். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நம் பெரியோர் கற்பித்த பாடத்தை, இப்பகுதி மக்களுக்கு யாரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் இம்மக்கள் தெளிந்த காலை வேளையில் மேற்கே நோக்கினால், தொலைவில் நீலக் கோடாக ஒரு மலைத்தொடர் தெரியும். அம்மலையின் அடிவாரத்தில்தான் குற்றாலம் உள்ளது. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எனப் பேருந்தில் சென்றால் ஒரு முற்பகலுக்குள் அதனை அடைந்துவிடலாம். 2019 நவம்பர் 22-ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டு உருவான தென்காசி மாவட்டத்தின் ஓர் ஓரத்தில் வெடித்த கரிசலும், மற்றோர் ஓரத்தில் ஓயாது கொட்டும் அருவிகளும் அமைந்திருப்பது வல்ல இறைவனின் விந்தைகளுள் ஒன்றாகும்.

சாரல் பிறக்கும் இடம்

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தின் பெரும்பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தின் பக்கமே மழையாகப் பொழிந்துவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே உள்ள நிலங்களுக்குக் காற்று மட்டுமே மிஞ்சுகின்றது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகின்றது. 1904-ஆம் ஆண்டில் கொல்லத்திற்கு இருப்புப்பாதை அமைந்ததும் அவ்வழியேதான். அந்த வாசலின் வழியே நுழையும் ஈரக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் மெல்லிய சாரலாகத் தூவுகின்றது. அதே காற்று திருவேங்கடத்தை அடையும்போது ஈரமிழந்து புழுதியை எழுப்புகின்றது.

திரிகூடம் எனப்படும் மூன்று சிகர மலையில் தோன்றும் சிற்றாறே குற்றாலத்து அருவிகளுக்குத் தாய். மேலிருந்து வருகையில் முதலில் தேனருவி, அடுத்துச் செண்பகாதேவி, பிறகு சிற்றருவி, கடைசியில் பேரருவி என அது படிப்படியாக இறங்குகின்றது. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது. எனினும் நேராக நம் தலைமீது விழுவதில்லை. பாறையின் இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பெரும் பள்ளத்தில் முதலில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பின்னரே கீழே வழிகின்றது. அப்பள்ளம் இல்லையேல் அந்நீரின் அடியில் மனிதர் நிற்பது அரிது. நாம் குளிப்பதற்கென்றே அமைத்துத் தந்தது போன்ற அந்த ஏற்பாட்டைக் காண்போர் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

தேன் எடுப்பவரின் பின்னால்

பேரருவியில் குளிப்போர் பல்லாயிரவர். அதற்கு மேலே ஏறிச் செண்பகாதேவியைக் கண்டோர் சிலரே. 1990-களின் இறுதியில், பொதுமக்கள் அவ்வழியே நடந்து சென்ற காலத்தில், நான் ஓதிக்கொண்டிருந்த மதரஸாவின் மாணவர்கள் இருபது பேர் எங்கள் ஹஜ்ரத்துடன் அம்மலை ஏறினோம். ஆகஸ்டு மாதக் கடைசி வியாழக்கிழமை அது. மறுநாள் தென்காசியில் ஜும்ஆத் தொழுதுவிட்டு ஊர் திரும்புவது எங்கள் திட்டம். மாணவருள் பெரும்பாலோர் கரிசல் காட்டுப் பிள்ளைகள். கிணற்றில் நீந்தத் தெரிந்தவர்கள், ஓடும் நீரை அறியாதவர்கள்.

மலைத்தேன் எடுத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவரை ஹஜ்ரத் வழிகாட்டியாக அமர்த்தியிருந்தார். அவர் முன்னே செல்ல, வயதில் இளைய மாணவர் அவருக்குப் பின்னும், பெரியவர் அடுத்தும், ஹஜ்ரத் இறுதியிலுமாக ஒற்றை வரிசையில் நடந்தோம். சிற்றருவியைக் கடந்ததும் பாதை குறுகிற்று. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பாறைகளுக்கிடையே ஓடை. மரங்களின் நிழலில் பகலே அந்தி போல் இருந்தது. கால் வைக்கும் ஒவ்வொரு கல்லும் பாசி படிந்து வழுக்கியது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்த் தொலைவே எனினும், அதனைக் கடக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

செண்பகாதேவியின் அடியில் பாறை குடைந்த ஆழமான கசம் ஒன்று உள்ளது. நீர் தெளிவாக இருந்தமையால் ஆழம் குறைவு போலத் தோன்றியது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு அதனைக் கண்டதும் குதிக்கும் ஆவல் எழுந்தது. முதியவர் கையை நீட்டித் தடுத்தார். “உள்ளே பாறை குடைஞ்சிருக்கு தம்பி. இழுத்துக்கிட்டா வெளியே விடாது” என்றார். கசத்திற்குக் கீழே, ஓடை அகன்று இடுப்பளவு நீர் செல்லும் இடத்தை எங்களுக்குக் காட்டினார். அதற்கு முன்பு அவர் செய்த ஒரு செயல் இன்றும் என் நினைவில் நிற்கின்றது. கைக்கடங்கிய கல் ஒன்றை எடுத்து, நீரின் விளிம்பில், ஈரமும் உலர்ந்த பாறையும் கூடும் இடத்தில் வைத்தார். பிறகு அந்தக் கல்லைப் பார்த்தவாறே அமர்ந்துகொண்டார்.

மெய்ம்மறந்து குளித்துக்கொண்டிருந்தோம். வானம் தெளிந்திருந்தது, வெயிலும் இருந்தது. அரைமணி நேரம்கூட ஆகியிராது. முதியவர் எழுந்து மேலே சிகரத்தை நோக்கினார். தேனருவி இருக்கும் திசையில் மலைமுகட்டை மேகம் மூடியிருந்தது. “பாய், பிள்ளைகளைக் கரையேறச் சொல்லுங்க” என்றார் ஹஜ்ரத்திடம். ஹஜ்ரத் காரணம் கேட்கவில்லை, உடனே அழைத்தார். முணுமுணுத்தவாறே நாங்கள் ஏறி, ஓடையை விட்டு உயரத்தில் இருந்த அகன்ற பாறையை அடைந்தோம். அங்கேயே லுஹரை ஜமாஅத்தாகத் தொழுதோம்.

தொழுது முடித்து நெடுநேரம் காத்திருந்தோம். நீர் ஏறவில்லை. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. மேகமும் கலைந்துவிட்டது. மாணவர் ஒருவர் துணிந்து, “ஒன்றும் வரவில்லையே, பெரியவரே?” என்று கேட்டார். முதியவர் சினம் கொள்ளவில்லை. “வராத தண்ணிக்கு ஒதுங்கினதுல ஒரு மணி நேரம்தான் போச்சு. பத்துத் தடவை ஒதுங்கினா ஒன்பது தடவை வராது. வர்ற அந்த ஒரு தடவை எதுன்னு எனக்கும் தெரியாது” என்றார்.

2024 மே 17

முதியவர் கூறிய அந்த ஒரு தடவையைத் தமிழகம் முழுவதும் கண்ட நாள் 2024 மே 17. குற்றாலத்தின் வழக்கமான பருவம் அப்போது தொடங்கவில்லை. கோடை மழை பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருக்கையில், மேலே மலையில் பெய்த மழையின் நீர் திடீரெனக் காட்டாற்று வெள்ளமாக இறங்கியது. மக்கள் அலறிக்கொண்டு ஓடிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்காதவர் இல்லை. 17 வயது மாணவர் ஒருவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. பின்னர் அவருடைய உடலே கிடைத்தது. விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்தோடு வந்த பிள்ளை அவர். அப்பெற்றோரின் துயரை எண்ணிப் பார்க்கவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

இத்தகைய வெள்ளம் ஏன் முன்னறிவிப்பின்றி வருகின்றது? குற்றால மலை செங்குத்தானது. பல இடங்களில் மண் குறைவு, பாறை மிகுதி. பெய்யும் மழையை உறிஞ்சி நிறுத்த இடமின்றி, பல சரிவுகளின் நீர் ஒரே ஓடையில் சேர்ந்து, புனலின் வாயில் ஊற்றியது போலக் குறுகிய வழியில் பாய்கின்றது. கீழே நிற்பவரின் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். அவருக்கு எதிராக வரும் நீரோ மலைமுகட்டில் முன்னமே பெய்துவிட்டது. நீர் சற்றே கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது ஆகியவையே அறிகுறிகள். அவை தோன்றிய பின் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

அரபு நாட்டு வாதிகள்

நம் வீடுகளிலிருந்து பலர் அரபு நாடுகளில் பணிபுரிகின்றனர். மழையே அரிதான அந்நாடுகளிலும் இதே ஆபத்து உண்டு என்பதை அவர்கள் அறிவர். மலைகளுக்கிடையே வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கினை அரபு மொழியில் ‘வாதி’ என்பர். அதில் திடீரெனப் பாயும் வெள்ளத்திற்கு ‘ஸைல்’ என்று பெயர். ஓமன் நாட்டில் தீவி என்னும் ஊரருகே உள்ள வாதி ஷாப், விடுமுறை நாட்களில் நம்மவரும் விரும்பிச் செல்லும் இடம். படகில் ஓடையைக் கடந்து, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே நடந்து, இறுதியில் நீந்திச் சென்றால் குகைக்குள் சிறு அருவி ஒன்றைக் காணலாம். செண்பகாதேவியைக் கண்டவருக்கு அது பாலையில் இருக்கும் அதன் உறவாகவே தோன்றும்.

விவசாயமற்ற பள்ளத்தாக்கு என்று நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துஆவில் குறிப்பிட்ட மக்காவும் ஒரு வாதியே. 1941-ஆம் ஆண்டில் அங்கு வெள்ளம் புகுந்து கஅபாவைச் சூழ்ந்தபோது, நீந்தியே தவாபு செய்தோரின் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. 2009 நவம்பர் 25-ஆம் நாள், ஹஜ்ஜுக்கு மக்கள் கூடியிருந்த வேளையில், ஜித்தா நகரில் பெய்த மழையின் வெள்ளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 அக்டோபர் 25-ஆம் நாள் ஜோர்டான் நாட்டில், சாக்கடலுக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகளை ஸைல் அடித்துச் சென்றது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவருள் பெரும்பாலோர் பிள்ளைகளே. அந்நாட்டின் கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினர். பிள்ளைகளை அழைத்துச் செல்வோரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் அளவு

திருக்குர்ஆனின் அர்ரஃது (இடி) அத்தியாயத்தில் ஓர் அரிய உவமை வருகின்றது. வானிலிருந்து இறங்கும் நீரால் ஓடைகள் தத்தம் அளவிற்கு ஏற்ப ஓடுவதையும், வெள்ளம் நுரையைச் சுமந்து வருவதையும், நுரை அழிய மக்களுக்குப் பயன்படுவது நிலத்தில் தங்குவதையும் இறைவன் எடுத்துக்காட்டுகின்றான். மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டும் உவமை அது. எனினும், மாணவர்களுக்கு அவ்வசனத்தை விளக்கும்போதெல்லாம், நீரின் விளிம்பில் வைக்கப்பட்ட அந்தக் கல் என் கண்முன் வரும். ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் அளவு உண்டு. அதனை ஏட்டில் படித்தறிய இயலாது. அவ்விடத்திலேயே வாழ்ந்து, ஆண்டுதோறும் கண்டு பழகியவரே அறிவர். அவர் படிக்காதவராக இருக்கலாம். வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். அத்துறையில் அவரே ஆசிரியர். எங்கள் ஹஜ்ரத் காரணம் கேளாமல் எங்களைக் கரையேற்றியது அந்த அறிவிற்குச் செய்த மரியாதையாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் இறைவனை நம்புமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். “ஆயுள் இருந்தால் பிழைப்போம்” என்று கூறிக்கொண்டு தடை விதித்த நீரில் இறங்குவது தவக்குல் ஆகாது.

இன்று செல்வோர்க்கு

செண்பகாதேவி, தேனருவி ஆகியவற்றிற்கு இன்று பொதுமக்கள் விரும்பியபோது செல்ல இயலாது. அங்கு பல உயிர்கள் பலியானமையாலும், வனத்தையும் வனவிலங்குகளையும் காக்கும் பொருட்டும் வனத்துறை அவ்வழியைக் கட்டுப்படுத்தியுள்ளது. ஆள் பிடித்துக் குறுக்கு வழியில் ஏறலாம் என்று எவரேனும் அழைத்தால் இளைஞர்கள் இணங்கலாகாது. தடையை மீறி அழைத்துச் செல்பவர் வழிகாட்டி அல்லர்.

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவையே குடும்பங்களுக்குப் போதுமானவை. பேரருவியில் பெண்கள் குளிப்பதற்குத் தனி இடம் உண்டு. ஹிஜாபைப் பேணும் பெண்கள் கூட்டம் குறைந்த அதிகாலையில் சென்று வருதல் நலம். பேரருவியின் முன்னுள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் காவல்துறையினர் குளிக்கத் தடை விதிப்பர். அன்று அருவியைக் கண்டு மகிழ்ந்து, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அதனால் பயணம் வீணாகிவிடாது. குளிக்கும்போது குடும்பத்தில் ஒருவர் கரையிலேயே நின்று நீரின் நிறத்தையும் ஓசையையும் கவனித்தல் வேண்டும். சீட்டி ஒலித்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே ஏறிவிட வேண்டும். செருப்பையும் துணியையும் தேடி நிற்றல் கூடாது. மழைக்காலத்தில் மட்டுமன்று, கோடையிலும் இவ்வெச்சரிக்கை தேவை.

பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கரிசல் காட்டில் ஒரு குடம் நீருக்காகக் காத்திருக்கும் மக்களுக்கு அவன் அருவியையும் அளித்தான். அதனை அனுபவிக்க அறிவையும் அளித்தான். அவ்விரண்டு நிஃமத்துகளுக்கும் நன்றி செலுத்தி, சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.