இன்றைக்கு இல்லை

கர்நாடகத்தில் குணிகல்லைத் தாண்டி ஒரு குதிரைப் பண்ணைக்குள் நுழைந்தபோது இரவு ஒன்பது மணி. திப்பு சுல்தானின் படைக்குக் குதிரை வளர்த்த வட்டாரம் அது. இன்று வளர்வதோ பந்தயத்துக்கான தரோப்ரெட் குதிரைகள். பிப்ரவரிக் குளிரில் சினைக் குதிரைகளின் லாயத்தில் மங்கலாக ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

காவலிருந்த சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், ஓசூர்ப் பக்கத்துக்காரர். முதல் வேலையாக என் போனை அணைக்கச் சொன்னார். "சத்தம் கேட்டா அடக்கிக்கும் சார்." உண்மைதான். குதிரைகளில் பெரும்பாலானவை இரவில்தான் ஈனும். வலி தொடங்கிய பிறகும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் சில மணி நேரம் தள்ளிப்போட அவற்றால் முடியும்.

அவருடைய நோட்டில் இணை சேர்ந்த தேதியிலிருந்து நாள் எண்ணப்பட்டிருந்தது. அன்று அவர் காவலிருந்த குதிரைக்கு 351. சராசரி 340தான், ஆனால் 320 முதல் 365 வரை எதுவும் இயல்பே. அந்த நாற்பத்தைந்து நாள் இடைவெளிக்குள் ஓர் இரவைக் கண்டுபிடிப்பதுதான் இவர்கள் தொழில்.

மடியைத்தான் முதலில் நம்புகிறார்கள். இரண்டு, மூன்று வாரம் முன்பே அது நிரம்பத் தொடங்கும். அப்போதெல்லாம் ராத்திரியில் திரண்டு, பகலில் மேய்ந்து நடந்தால் வற்றிவிடும். "நடந்தும் வத்தலைன்னா கிட்ட வந்திருச்சு." பிறகு காம்பு நுனியில் மெழுகுபோலச் சீம்பால் உறையும். வால் அடிச் சதை விரல் வைத்தால் பதியும் அளவுக்குத் தளரும். ஆனால் தலைச்சன் குதிரைகள் இதில் ஒன்றையும் காட்டாமலே ஈன்றுவிடுவதுண்டு.

இரண்டு சொட்டுப் பாலைக் கறந்து சோதனைத் தாளில் விட்டார். பிரசவம் நெருங்கினால் பாலில் கால்சியம் ஏறும், பி.எச். அளவு 6.4-க்குக் கீழே இறங்கும். அந்தத் தாள் "இன்றைக்கு" என்று சொல்வதைவிட "இன்றைக்கு இல்லை" என்று சொல்வதையே அதிகம் நம்பலாம். அந்த ஒரு சொல் கிடைத்தால் இந்த மனிதர் ஓர் இரவு வீட்டில் தூங்கலாம். அதற்காகவே அந்தத் தாளை நான் மதிக்கிறேன். அன்று நிறம் மாறிவிட்டது.

ஏன் இவ்வளவு காவல்? பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே வந்தாக வேண்டும். வெள்ளைப் பைக்குப் பதில் வெல்வெட் போலச் சிவப்புப் பை முதலில் தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். உடனே கிழிக்காவிட்டால் குட்டி மூச்சு முட்டிச் சாகும். வேறொரு பண்ணையில், இளவயதில், டீ குடிக்கப் போன நேரத்தில் அப்படி ஒன்றை இழந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் காவல் நேரத்தில் அவர் டீ குடிப்பதில்லை.

மூன்று மணிக்குமேல் அவளுக்குக் கழுத்து வியர்த்தது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், படுத்தாள். வெள்ளைப் பை. உள்ளே ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரண்டு குளம்புகள், தாயின் வயிறு கிழியாதபடி மெத்தென்ற இழைகளால் மூடியிருந்தன. அவர் கை வைக்கவே இல்லை. பிறந்து முக்கால் மணியில் குட்டி நாலு காலில் நின்று, தாயின் முன்னங்காலிடம் பால் தேடியது.

நோட்டில் 352 என்று எழுதினார். கிளம்பலாமா என்றேன்.

"நஞ்சு விழணும் சார். மூணு மணி நேரம் வரைக்கும் பாக்கணும்" என்று மறுபடி தன் சாக்கு விரிப்பில் உட்கார்ந்தார்.