சூடேறும் லப்டொப்பும் ஒரு துளி பசையும்

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவை தையல் இயந்திரம், கோழிக்கூடு, மா அரைக்கும் இயந்திரம் என்பனவே. இன்று அந்த வரிசையில் லப்டொப்பும் சேர்ந்துவிட்டது. கலியாண அல்பம், சாமத்திய வீட்டு வீடியோ, அழைப்பிதழ் என்று வீட்டிலிருந்தபடியே உழைக்கும் பெண்பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் எனது களப்பணியின்போது அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிற் சிலரிடம் இருப்பது, வெளிநாட்டு உறவினர் தமது பிள்ளை பாவித்தபின் அனுப்பிவைத்த ‘கேமிங்’ லப்டொப். விளையாட்டுக்கென்று செய்யப்பட்டதால் அதில் படங்களைக் கையாளத் தனியாக ஒரு சிப் உண்டு. அல்ப வேலைக்கு அந்த வேகம் மிகவும் உதவும். ஆனால் வேகத்தோடு சூடும் சேர்ந்தே வருகிறது.

வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். 2009இல் கணவரைத் தொலைத்தவர். மகளின் அல்ப வேலைதான் வீட்டின் பெரிய வருமானம். கலியாணங்கள் கூடும் ஆவணி மாதத்தில் அந்த லப்டொப் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் தானாக நின்றுபோனது. கொண்டுபோய்க் காட்டிய ஒரு கடையில், “உள்ளே பலகை போய்விட்டது, வேறொன்று வாங்குங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். அவர் கடன் எடுக்க ஆயத்தமானார். அதற்கு முன் இன்னொருவரிடமும் காட்டுவோம் என்று நாங்கள் சேர்ந்து போனோம். அந்தத் தம்பி எங்கள் கண்முன்னாலேயே அதைக் கழற்றினார். காற்றாடியில் பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது. சிப்பின்மேல் இருந்த பசை சுண்ணாம்புபோல் காய்ந்து வெடித்திருந்தது. பலகைக்கு ஒன்றுமே இல்லை.

இந்தப் பசையைத் ‘தேர்மல் பேஸ்ட்’ என்பார்கள். சூடாகும் சிப்பின்மேல் ஒரு செப்புத் தகடு அழுத்திக்கொண்டிருக்கும். அது சூட்டை வாங்கிக் காற்றாடிப் பக்கம் கொண்டுபோகிறது. இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நின்றால் சூடு கடக்காது. செப்பு, காற்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்துகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து வைப்பதுபோல, அந்தப் பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதே பசையின் வேலை. பசை செப்புக்கு ஈடாகாது. ஆகையால் அது மெல்லிய படையாக இருக்கவேண்டும். அப்பிவைத்தால் அதுவே தடையாகிவிடும்.

எந்தப் பசையைத் தெரிவது? சிறு குழாயின்மேல் சூட்டைக் கடத்தும் அளவு இலக்கமாக இருக்கும். மலிவான வெள்ளைப் பசையில் 1 அல்லது 2, நல்லவற்றில் 4 முதல் 12 வரை. இலக்கம் கூடியதே சிறந்தது என்றுதான் எவரும் நினைப்போம். லப்டொப்பில் அது மட்டும் போதாது. சிப் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் தகடு நுண்ணளவாக அசைகிறது. தண்ணித்தன்மையான பசை சிறிது சிறிதாக ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும். இலக்கம் சற்றுக் குறைந்தாலும், தடிப்பான, மின்சாரத்தைக் கடத்தாத பசைதான் நின்று பிடிக்கும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்றவற்றில் உலோகம் இல்லாததால் ஓரத்தில் வழிந்தாலும் ஆபத்தில்லை. ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற மெல்லிய தாள்களும் உள்ளன. அவை சுமார் 45 பாகை செல்சியஸில் இளகிப் பள்ளங்களை நிரப்பும், எளிதில் பிதுங்கி வெளியேறமாட்டா. கிடைத்தால் நல்லது.

இலக்கம் மிகக் கூடியது ‘திரவ உலோகம்’. அதில் முக்கியமானது கலியம். அது 30 பாகையிலேயே உருகும், எமது மத்தியான வெயிலே அதற்குப் போதும். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி பலகையில் சிந்தினால் லப்டொப்பே போய்விடலாம். 2020இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5இல் அதைத் தொழிற்சாலையிலேயே தக்க காப்போடு வைத்தார்கள். வீட்டிலோ பழக்கமில்லாத கடையிலோ செய்யும் வேலை அல்ல.

சிலர் பற்பசையைப் பூசிவிடுவதும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம்; சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள். என் தலைமுறைக்கு அது கேட்ட கதை, உங்களில் பலருக்கு வாழ்ந்த வாழ்க்கை. இல்லாததைக் கொண்டு சமாளித்தது எமது பெருமைதான். ஆனால் பற்பசை சூட்டில் விரைவாகக் காய்ந்துவிடும். சூடு மீண்டும் ஏறும். உரிய பொருள் கடையில் கிடைக்கும்போது உழைக்கும் கருவியில் சமாளிப்பு வேண்டாம்.

பசை மாற்றுமுன் தூசியைத் துப்புரவாக்கிப் பார்க்கவேண்டும். பலவேளைகளில் அதுவே போதும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33 பாகை இருக்கும்போது லப்டொப்பைத் தலையணையிலோ மெத்தையிலோ வைத்தால் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். மேசையில், பின்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். சிப் 95, 100 பாகையைத் தொட்டால் தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைக்கும். திடீரென மெதுவாவது அதன் அறிகுறி.

திருத்தக் கொடுக்கும்போது, “தம்பி, எந்தப் பசை போடுகிறீர்? அது மின்சாரம் கடத்துமா? பழைய பசையை அற்ககோலால் துடைப்பீரா? மற்றச் சிப்புகளின் மேலுள்ள மெத்தென்ற பட்டைகளைப் பழையபடி வைப்பீரா?” என்று கேளுங்கள். அந்தப் பட்டைகள் இடைவெளிக்கேற்ற தடிப்பில் உள்ளவை, பசை அவற்றுக்கு மாற்றாகாது. கடைக்குப் போனால் கூடவந்த ஆணைப் பார்த்தே விளக்கம் சொல்வார்கள், பெண் ஓரமாக நிற்பாள். உழைப்பது அவள், கடன் கட்டப்போவதும் அவள். கேட்கும் உரிமை அவளுக்கே முதலில்.

உதவித் திட்டங்களில் எத்தனை கருவிகள் கொடுக்கப்பட்டன என்று எழுதிவைக்கிறோம். மூன்று வருடத்தின்பின் எத்தனை இயங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பது குறைவு. பசையிலும் இதே கதைதான்: குழாயில் உள்ள இலக்கத்தைவிட, எவ்வளவு காலம் தாங்கும் என்பதே குடும்பத்துக்குப் பயன்.

அந்த மகள் அல்பங்களை உரிய நாளில் கொடுத்துவிட்டாள். கடன் எடுக்கத் தேவைப்படவில்லை. உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு லப்டொப் திருத்தும் ஒருவரை அழையுங்கள். பழைய லப்டொப் ஒன்றை நடுவில் வைத்துக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒருதரம் உள்ளே பார்த்துவிட்டால், “பலகை போய்விட்டது” என்ற சொல்லுக்கு எவரும் அவசரப்பட்டுக் கடன் எடுக்கமாட்டார்கள்.