தூங்குகிறவர் மாதிரி ஒரு முகம்

டென்மார்க் போனால் கோபன்ஹேகனில் உள்ள கடற்கன்னிச் சிலையைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. நாங்களும் பார்த்தோம். ஆனால், என் மனசை விட்டு இன்றும் அகலாதது சில்க்கெபோர்க் என்ற ஊரின் மியூசியத்தில் பார்த்த ஒரு முகம்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையில் ஆட்டுத்தோல் குல்லாய். மோவாயில் முள் முள்ளாகத் தாடி. கண்கள் மூடியிருந்தன.

"இந்த மாமா தூங்கறாராம்மா?" என்றாள் என் ஏழு வயது மகள்.

கழுத்தைப் பார்த்தேன், பகீரென்றது. பின்னிய தோல் கயிறு!

'டோலுண்ட் மனிதர்' என்று இவருக்குப் பெயர். 1950 மே மாதம், அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டியவர்கள் இவரைக் கண்டார்கள். ஏதோ புதுக் கொலை என்று பயந்து போலீசுக்குச் சொன்னார்களாம். ஆனால் அவர் இறந்து சுமார் 2,400 வருஷங்கள் ஆகியிருந்தன! சதுப்பு நீரும் பாசியும் தோலைப் பதப்படுத்தி அப்படியே காத்திருக்கின்றன. (தலைதான் அசல், உடம்பு பிறகு செய்து பொருத்தியது.)

அந்தக் காலத்து ஜனங்கள் இறந்தவர்களைத் தகனம் செய்வார்கள். இவரை மட்டும் தூக்கிலிட்டு, சதுப்பில் பக்குவமாகக் கிடத்தியிருக்கிறார்கள். சதுப்பு என்பது அவர்களுக்குத் தெய்வக் காணிக்கை போடும் இடம். ஆகவே இது நரபலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதே சதுப்பில் 1938-ல் ஒரு பெண்ணின் உடலும் கிடைத்தது. நீளமாகப் பின்னிய கூந்தல், அவளும் தூக்கிலிடப்பட்டவள்தான்.

இவருடைய வயிற்றில் கடைசியாகச் சாப்பிட்டதுகூட மிச்சமிருந்தது. பார்லி, ஆளி விதை, களை விதை சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி; கொஞ்சம் மீன். மண்சட்டியில் அது லேசாக அடிப்பிடித்திருந்தது என்பதைக்கூட 2021-ல் வெளியான ஆராய்ச்சியில் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

அதைத் தெரிந்துகொண்டதும் எனக்குக் கால் நகரவில்லை. அந்தக் கஞ்சியைக் காய்ச்சியது யார்? தாயா, மனைவியா? மறுநாள் நடக்கப் போவது தெரிந்துதான் கிண்ட மறந்து நின்றாளோ?

இறந்த பிறகு யாரோ இவருடைய கண்ணையும் வாயையும் மூடிவிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் தூங்குகிற மாதிரி இருக்கிறார். கயிறு போட்டதும் அதே ஊர்தான், கண்ணை மூடிவிட்டதும் அதே ஊர்தான்!

வெளியே வரும்போது மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அவங்கம்மா அழலையா?"

"அழுதிருப்பாங்கடி, கண்ணு" என்றேன். சாமிக்குத்தான் கொடுக்கிறோம் என்று ஊரே நம்பினாலும், பெற்றவளுக்குப் பிள்ளை பிள்ளைதானே!