பதிவேட்டில் ஏறாதவை

கல்லூரி நூலகத்தில் எது நூல், எது வெறும் காகிதம் என்று தீர்மானிப்பது சேர்க்கைப் பதிவேடுதான். எண், ஆசிரியர், விலை, வந்த வழி எல்லாம் அதில் ஏறிவிட்டால், பிறகு அந்த நூலைக் கழிக்கவும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏறாததை யார் வேண்டுமானாலும் எடைக்குப் போடலாம். 31 ஆண்டுகள் நூலகராக இருந்து நான் கற்ற அரசியல் இது.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தினார். தேவதாசி முறையின் உள்விவகாரங்களை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலாக எழுதினார். இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கிப் படித்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர் காலமானால் நூலகத்துக்கு நன்கொடையாக வந்தது அவருடைய சட்டப் புத்தகங்கள்தாம். அம்மாவின் இதழ்கள் பரணிலிருந்து நேராக மளிகைக் கடைக்குப் போயின. இன்று மிஞ்சியிருக்கும் பழைய இதழ்கள் பலவும், கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனிமனிதர்கள் விடாமல் சேர்த்ததால் பிழைத்தவை. அவர் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது.

ஓய்வுபெற்றதும் ஊரில் ஒரு மரபு ஆர்வலர் குழுவில் சேர்ந்தேன். கல்வெட்டு, நடுகல், பழைய கோயில் என்று ஞாயிறுதோறும் நடை. எனக்குக் கிடைத்த வேலை வருகைப் பதிவும் சுண்டல் விநியோகமும். பெண்களின் கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் மரபுப் பட்டியலில் சேர்க்கலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். “அது வீட்டு விஷயம்மா” என்றார் ஒரு மூத்தவர். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

நான் ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் செவிலியர் ஒருவரும் உடன் வந்தார்கள். போகிற வீட்டிலெல்லாம் முதலில் வருவது ஒரே பதில்: “எங்கிட்ட என்னங்க இருக்கு, பழைய குப்பைதான்.” பிறகு டிரங்குப் பெட்டி திறக்கும். பால் கணக்குக்கும் சீட்டுப் பணத்துக்கும் நடுவே, பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட தேதியை ஒரு பெண் எழுதி வைத்திருந்தார். காரணம் எழுதவில்லை. அந்த ஒரு வரி எந்தக் கல்வெட்டுக்கும் குறைந்ததல்ல.

நாங்கள் எதையும் எடுத்து வருவதில்லை. தூசி தட்டி, படம் எடுத்து, வசம்புத் துண்டோடு பருத்தித் துணியில் கட்டி, அவரவர் வீட்டிலேயே வைத்துவிடுகிறோம். ராமபாணப் பூச்சிக்கு அது போதும். ‘உரியவர்’ என்ற கட்டத்தில் இன்னாரின் மனைவி என்று எழுதுவதில்லை; அந்தப் பெண்ணின் பெயர்தான். இதுவரை 143 பதிவுகள்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். பாட்டியின் பெட்டியைத் திறக்க எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம். படிப்பதற்கு முன் எண் போடுங்கள். எண் போட்ட பொருளைத் தூக்கி எறிய வீட்டில் எவருக்கும் கை கொஞ்சம் தயங்கும்.