முன்பாரம்

போன மாதம் என் அக்கா மகன் புதிதாக வாங்கிய டிரெய்லரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. பக்கப் பலகையில் குலதெய்வத்தின் பெயர், பின்கதவில் பிள்ளைகள் பெயர். "எப்படி மாமா இருக்கு?" என்றான். நான் பெயின்ட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். தளத்தின் நீளத்தைக் காலடி வைத்து அளந்தேன்.

"தளம் 14 அடி. அச்சு முன்னாலிருந்து 6 அடியில் கிடக்கு. இதுல என்னடா ஏத்தப் போறே?"

"வைக்கோல்தான் மாமா. வைக்கோல் என்ன பெரிய கனமா?"

38 வருஷம் வைக்கோல் ஏற்றியவனிடம் சொல்கிற பேச்சா இது? அவன் அறியாமல் சொன்னான். ஆனால் அந்த டிரெய்லரை அடித்துக் கொடுத்த பட்டறைக்காரரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். "எத்தனை டன் வேணும்?" என்று ஒரு கேள்வி, "5 டன் தாங்கும்" என்று ஒரு பதில். வியாபாரம் முடிந்துவிட்டது. வைக்கோலுக்கு டிரெய்லர் வாங்கப் போகிறவன் டன் கணக்கைக் கடைசியில் கேட்டால் போதும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. 100 மூட்டை ஏற்றினால் 4 டன். அத்தனையும் பக்கப் பலகைக்கு ஒரு முழம் மேலே அடங்கிவிடும். வண்டி தரையோடு படிந்து போகும். வைக்கோல் அப்படி இல்லை. பேலர் உருட்டிப் போடும் கட்டு, நன்றாகக் காய்ந்திருந்தால், ஏறத்தாழ 20 கிலோ. 90 கட்டு ஏற்றினாலும் 1,800 கிலோதான், நெல்லில் பாதிகூட இல்லை. ஆனால் பாரத்தின் உச்சி தரையிலிருந்து 13 அடியைத் தொடும். பக்கத்துக்கு அரை அடியாவது வெளியே பிதுங்கி நிற்கும். குறுவை அறுப்பில் ஒரு மழை பிடித்துவிட்டால் முதலில் நனைவது மேல் வரிசை. கீழே லேசும் மேலே கனமுமாக அந்தப் பாரம் பாமணியாற்றுக் கரையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க ஆடும்போது, 5 டன் தாங்கும் அச்சு எனக்கு என்ன உதவி செய்யும்? அங்கே உதவுவது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலமும் தளத்தின் தாழ்வும்தான். தளம் நாலு விரற்கடை தாழ்ந்தால்கூடக் கரைமேல் அதன் அருமை தெரியும். அதற்காகவே 9.00-16 டயருக்கு மேல் நான் போனதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது முன்பாரம். அதைப் படிக்க நான் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. பெரியப்பாவின் பாரவண்டியில் படித்தேன்.

பெரியப்பா மன்னார்குடிப் பக்கத்தில் சம்பா, தாளடி வைக்கோலை மாட்டுவண்டியில் அடித்தவர். அப்போது கட்டு கிடையாது, உதிரி வைக்கோல். நாலு பக்கமும் முளைக்குச்சி நட்டு, மிதித்து மிதித்து அடுக்கி, மேலே வாரி போட்டுக் கயிறு இழுப்பார்கள். மாடு பூட்டுவதற்கு முன்னால் அவர் ஒன்று செய்வார். ஏர்க்காலின் நுனியில் நுகத்தடியைத் தாங்கி நிற்கும் முட்டை எடுத்துவிட்டு, நுகத்தடியைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். ஒரு குடம் தண்ணீர்க் கனம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முன்பாரம் அதிகம், மாட்டின் கழுத்து புண்ணாகும். கனமே இல்லாமல் கையோடு எழும்பினால் பின்பாரம். உடனே ஆளை மேலே ஏற்றிப் பின்பக்க வைக்கோலை முன்னால் தள்ளச் சொல்வார். நேரமாகிறது என்று பண்ணைக்காரர் சத்தம் போட்டாலும் காதில் வாங்க மாட்டார்.

எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது ஒருநாள் அவர் இல்லாமல் நானே பாரம் வைத்தேன். நுகத்தடியைத் தூக்கியபோது அது பஞ்சுபோல வந்தது. லேசாக இருந்தால் மாட்டுக்குச் சுகம்தானே என்று நினைத்துப் பூட்டிவிட்டேன். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் மதகுக்கு ஏறும் சரிவில் பாரம் பின்னால் சாய்ந்தது. நுகத்தடி மேலே எழும்பியது. பூட்டாங்கயிறு இரண்டு மாட்டின் தொண்டையையும் இறுக்கிப் பிடித்துவிட்டது. இடது மாட்டின் முன்னங்கால் தரையில் பாவவில்லை. நாக்கு வெளியே வந்துவிட்டது. எதிரே வந்த பெரியப்பா ஓடிவந்து அரிவாளால் கயிற்றை அறுத்தார். மாடு முட்டி போட்டு விழுந்து மூச்சு வாங்கியது. என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நுகத்தடியத் தூக்கிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். அவ்வளவு வைக்கோலையும் கரையிலேயே இறக்கவைத்து, என்னையே திரும்ப ஏற்றவைத்தார். முடிக்கும்போது இருட்டிவிட்டது. அப்புறம் அவர் உயிரோடு இருந்தவரை நான் எந்தப் பாரத்தோடு எதிரே போனாலும் அந்தக் கேள்விதான். டிராக்டருக்கு மாறிய 1986-க்குப் பிறகும் அதையேதான் கேட்டார்.

டிரெய்லரின் முன்சட்டத்தை நான் இன்றும் ஏர்க்கால் என்றுதான் சொல்வேன். அக்கா மகன் வண்டியில் நடந்தது இதுதான்: 10 அடி டிரெய்லரின் அடிச்சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டு அதிகம் பிடிக்கட்டும் என்று பின்னால் 4 அடி ஆங்கிள் வைத்து நீட்டியிருக்கிறார்கள். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 14 அடிக்கும் சீராக அடுக்கினால் பாரத்தின் நடு 7-வது அடியில் விழும். அச்சு 6-வது அடியில். அதாவது 1,800 கிலோவும் அச்சுக்கு ஓர் அடி பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அச்சிலிருந்து கொக்கி வளையம் 12 அடி. டிரெய்லரின் சொந்த எடையை விட்டுவிட்டுப் பார்த்தால் 150 கிலோ கொக்கியை மேல்நோக்கித் தூக்குகிறது. டிராக்டருக்குத் தொண்டை இல்லை, அதனால் நாக்குத் தள்ளாது. பின்சக்கரத்தின் பிடிதான் போகும். ஈரக் களிமண்ணில் வழுக்கும். பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே மடக்கும். நம் பக்கத்து டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அதே அச்சை 8-வது அடிக்குத் தள்ளிவிட்டால் சுமார் 130 கிலோ கொக்கியைக் கீழே அழுத்தும். டிராக்டர் நின்று இழுக்கும். இரண்டு அடி வெல்டிங் வேலை, அரை நாள்.

கொக்கியின் உயரத்திலும் இதே அலட்சியம்தான். பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே இழுக்கிறவரைதான் டிராக்டர் தரையில் நிற்கும். சேற்றில் ஏர்க்கால் இடிக்கிறது என்று கொக்கியை உயர்த்தி வெல்டு வைத்துக்கொள்கிறார்கள். அதைவிட மோசம், புதைந்த டிரெய்லரை இழுக்க மேல் லிங்க்கில் சங்கிலி கட்டுவது. அப்படிக் கட்டிய ஒரு டிராக்டர் முன்சக்கரம் தூக்கி, ஓட்டியவன்மேல் மல்லாந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிளட்சை மிதிக்கக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வயலைத் தாண்டும்போது இன்றும் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கொக்கியில் வளையத்தைப் பூட்டும் ஊசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் வண்டியில் 30 மில்லி ஊசி, நுனியில் கிளிப், ஏர்க்காலிலிருந்து தனியாக ஒரு சங்கிலி. மாதத்துக்கு ஒருமுறை ஊசியை உருவி விரலால் தடவிப் பார்ப்பேன். இழுக்கிற பக்கத்தில் பிறை போலத் தேய்ந்திருந்தால் அன்றைக்கே புதிது. ஊசி தேய்ந்தால் வளையத்தின் ஓட்டையும் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு கியருக்கும் சம்மட்டி அடிபோல ஓர் உதை. இன்றைக்குப் பையன்கள் வண்டியில் என்ன இருக்கிறது? கட்டடம் கட்டுகிற கம்பியில் ஒரு துண்டு. கிளிப்புக்குப் பதில் சணல். ஆனால் பாட்டுப் பெட்டி நாலு. பின்னால் ஒட்ட வேண்டிய சிவப்பு ஸ்டிக்கர் கிடையாது. ராத்திரி விளக்கில்லாமல் நிற்கும் வைக்கோல் பாரத்தில் பைக்கில் வந்து மோதிச் செத்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஒருவர் இருவரல்ல.

நாலு சக்கர டிரெய்லர்தான் வைக்கோலுக்குப் பாதுகாப்பு என்று பலர் சொல்கிறார்கள். தார்ச்சாலையில் நேராகப் போவதற்கு, சரி. வயலிலிருந்து ஏற்றுகிறவனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அது பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், டிராக்டரின் பின்சக்கரத்துக்கு ஒரு கிலோகூடத் தராது. சேற்றில் டிராக்டர் வெறுமனே சுற்றும். ரிவர்ஸ் எடுக்க இரண்டு இடத்தில் மடியும். வரப்போரத்தில் ஒடித்துத் திருப்பும்போது முன் அச்சு குறுக்கே திரும்பி முன்பக்கம் தாங்கல் குறுகிவிடும்; அந்த நிமிஷத்தில்தான் உயரப் பாரம் சாயும். முன்பாரம் சரியாக வைத்த இரண்டு சக்கரமே என் தேர்வு.

அடுக்குவதில் சொல்ல நிறைய இருக்கிறது. முன்னால் நீட்டும் கட்டு சைலன்ஸர் வாய்க்கு மேல் வரவே கூடாது, ஒரு பொறி போதும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசி எரிந்த பாரங்களைப் பற்றி வருஷம் தவறாமல் செய்தித்தாளில் படிக்கிறோம். நான் புதுப் பாதை என்றால் முதல்நாள் சாயங்காலமே நடந்து பார்த்துவிட்டு வருவேன். இப்போது ஏஜென்டு கட்டுக் கணக்கில் கூலி தருகிறார். கேரளாவுக்குப் போகும் லாரி மெயின்ரோட்டில் காத்திருக்கிறது. நாலு நடை போக வேண்டியதை மூன்றில் முடித்தால் டீசல் மிச்சம். யார் நடந்து பாதை பார்ப்பார்கள்? வேகத்துக்குக் கூலி உண்டு, பார்த்துப் போவதற்குக் கூலி இல்லை. பத்து வருஷமாக வண்டி ஓட்டிவரும் ஒரு பையனிடம்கூட "நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தாயா?" என்று கேட்க முடியவில்லை. நுகத்தடி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முழங்கால் கிளட்ச் மிதிக்க விடாததால் போன வருஷத்தோடு நான் வண்டியை விட்டேன். ஆனாலும் அன்று அக்கா மகனை விடவில்லை. வாசலிலேயே டிரெய்லரைக் கழற்றச் சொல்லி, ஏர்க்காலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, என் வீட்டில் மாட்டுக்கு வாங்கிவைத்திருந்த பத்துக் கட்டைப் பின்பக்கம் மட்டும் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற ஜாக்கியின் கைப்பிடி இளகியது. எட்டாவது கட்டுக்கு ஒரு விரலால் சுற்ற முடிந்தது. பத்தாவது கட்டு உட்கார்ந்ததும் ஏர்க்கால் ஜாக்கியை விட்டு எழும்பியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அச்சைத் தள்ளிவைக்க ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன் என்றேன்.

"தை அறுப்புக்கு முன்னாடி பாக்குறேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். மார்கழி பாதி ஆகிவிட்டது. நேற்று அவன் வீட்டுப் பக்கம் போனேன். டிரெய்லர் கொட்டகையில்தான் நிற்கிறது. குனிந்து பார்த்தேன். அச்சு 6-வது அடியிலேயே இருக்கிறது.