ஜம்பர்: சில குறிப்புகள்

மார்ச் தொடக்கத்தில் புள்ளிப் பட்டியலுக்கு அர்த்தமில்லை. 18 அணிகளுக்கும் நேரே பூஜ்யம். மெல்பர்னில் கோடை முழுசாகப் போயிராது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கவிகளாக இருப்பது அந்த ஒரு வாரத்தில்தான் என்று எனக்குப் படும். சான்று எதுவுமில்லாத ஒன்றை முழு மனசோடு நம்புவது என்கிற அர்த்தத்தில். செப்டம்பர் கடைசிக்குள் 17 அணிக்காரர்களின் நம்பிக்கை பொய்த்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நம்புகிறார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை.

நண்பர்கள் படிமம் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். படிமம் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த படிமங்களில் ஸ்தூலமானது, துவைத்துக் கொடியில் காயப்போடக்கூடியது, இதுதான்.

ஜம்பர் என்றால் எங்கள் பாட்டிமார் பேச்சில் ரவிக்கை. இங்கே அது கால்பந்தாட்டக்காரன் போடும் கையில்லாச் சட்டை. ஒரு காலத்தில் கம்பளி, இப்போது பாலியெஸ்டர். பெயர் மட்டும் கம்பளிக் காலத்தது. ஆட்டமும் நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டமில்லை. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். கையிலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. குறி தவறியதற்கும் ஒன்றைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிற இந்தத் தாராளம், பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

என் அணி ஸெயின்ட் கில்டா. சிவப்பு, வெள்ளை, கறுப்பு. என் அணி என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

1897ல் இந்த லீக் தொடங்கியபோதே இருந்த எட்டு அணிகளில் ஸெயின்ட் கில்டா ஒன்று. முதல் 48 ஆட்டங்களிலும் தோற்றது. 49ஆவது ஆட்டம், 1900 மே மாதம், மெல்பர்ன் அணியோடு சமனில் முடிந்தது. மணி அடித்த பிற்பாடு உதைத்த ஒரு புள்ளியை எதிரணிக்குத் தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்று முறையீடு போயிற்று. அந்த ஒரு புள்ளியைக் கழித்து, ஸெயின்ட் கில்டா ஜெயித்ததாகத் தீர்ப்பாயிற்று. அணியின் முதல் வெற்றி மைதானத்தில் கிடைக்கவில்லை, பேரேட்டில் கிடைத்தது. குமாஸ்தாக்களின் அணி என்று நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

அப்புறம் 1966. காலிங்வுட் அணியோடு இறுதி ஆட்டம், கடைசி நிமிஷம், புள்ளிகள் சமம். பாரி பிரீன் உதைத்த பந்து நேராகக்கூடப் போகவில்லை. தள்ளாடிக்கொண்டு போய் ஓரத்து இடைவெளியைத் தாண்டியது. குறி தவறியதற்கான ஒரு புள்ளி. 74க்கு 73. சாம்பியன் பட்டம் அந்த ஒரு முறைதான். அதற்குப் பின் 2025 வரை இல்லை. பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு இங்கே மரக்கரண்டி என்று பரிகாசப் பட்டம் கொடுப்பார்கள். அது 27 தடவை வந்திருக்கிறது.

2009ல் முதல் 19 ஆட்டங்களையும் ஜெயித்து, இறுதியில் ஜீலாங்கிடம் 12 புள்ளியில் தோற்றார்கள். கம்பத்தில் பட்ட பந்து ஒன்றை அன்று எதிரணிக்கு கோல் என்று கொடுத்துவிட்டார்கள். ஆறு புள்ளி. அதைக் கழித்தாலும் முடிவு மாறாது என்று கணக்குத் தெரிந்தவன் சொல்வான். ஆனால் பேரேட்டில் ஒரு தப்புப் பதிவு இருந்தால் அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும் என்பதும் கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். 2010 இறுதி இன்னும் விசித்திரம். 68க்கு 68. கடைசி நிமிஷங்களில் லெனி ஹேய்ஸ் தூரத்திலிருந்து உதைக்கிறார். பந்து கோலுக்கு முன்னால் தரையில் குத்துகிறது. அதை எடுக்க ஸ்டீபன் மில்ன் ஓடுகிறார். உருண்டைப் பந்தாக இருந்தால் அவர் கைக்கு வந்திருக்கும். முட்டைப் பந்து யோசனையை மாற்றிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளி ஓரத்து இடைவெளியில் போய்விட்டது. ஒரு புள்ளி, சமன். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆடினார்கள். 56 புள்ளியில் தோல்வி. அந்தத் துள்ளலை நான் யூட்யூபில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் பந்து இந்தப் பக்கம் வந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. முடிவு தெரிந்த நாடகத்தைப் பார்க்கும்போது வரும் உணர்வு பற்றி பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. அப்போது புரியவில்லை.

1966ல் ஆடியவர்களுக்கும் 2010ல் ஆடியவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆட்கள் வேறு. மைதானமும் வேறு. 1964 வரை ஜங்ஷன் ஓவல், அப்புறம் சேற்றுக்குப் பேர்போன மூராபின், அதையும் விட்டு இப்போது நகர மத்தியில் கூரை மூடித் திறக்கிற ஸ்டேடியம். பயிற்சியாளர்கள் வருகிறார்கள், போகிறார்கள். உள்ளடக்கம் முழுக்க மாறிவிட்ட பிறகும் உருவம் மட்டும் நிற்கிறது, ஜனங்கள் அந்த உருவத்துக்காக அழுகிறார்கள். உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் கட்சி கட்டிச் சண்டை போட்டவர்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபிட்ஸ்ராய் என்று ஓர் அணி இருந்தது. 1996ல் காசில்லாமல் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. அதன் சிங்கமும் நிறங்களும் இன்று ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறு ஊரின் நெஞ்சில் இருக்கின்றன. 2001லிருந்து அந்த ஊர் மூன்று வருஷம் தொடர்ந்து பட்டம் வாங்கியபோது ஃபிட்ஸ்ராய்க்காரர்களில் சிலர் கொண்டாடினார்கள். சிலர் அத்தோடு ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் நியாயம்தான்.

ஆனால் உருவமும் சுத்த உருவமாக இருக்க விடப்படுவதில்லை. 1914ல் உலக யுத்தம் வந்தது. ஸெயின்ட் கில்டாவின் சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஜெர்மன் சாம்ராஜ்யக் கொடியின் நிறங்களும்கூட என்று யாருக்கோ உறைத்தது. 1915ல் வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளைப் போட்டார்கள். நேச நாடான பெல்ஜியத்தின் நிறங்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆன பிறகுதான் வெள்ளை திரும்பியது. கடற்கரைப் பேட்டை ஒன்றின் விளையாட்டுச் சட்டை, அவ்வளவுதான். அதற்குள்ளும் வந்து கையை விட்டுத் துழாவிப் பார்த்திருக்கிறது சரித்திரம்.

நான் எப்படி இந்த அணிக்காரனானேன் என்றால், இரக்கத்தால். நான் இரங்கவில்லை, என் மேல் இரங்கினார்கள். கிளையில் என் பக்கத்துக் கவுண்டரில் ஓர் அம்மாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மூராபின் சேற்றில் நின்று ஆட்டம் பார்த்து வளர்ந்தவர். வந்த முதல் குளிர்காலத்தில் நான் நடுங்குவதைப் பார்த்து, மகனுடைய பழைய ஜம்பர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில்லாத சட்டை குளிருக்கு என்ன செய்யும்? உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதன்மேல் இதைப் போட வேண்டும் என்று விளக்கினார். மகன் பெர்த்துக்குப் போய் வேறு அணிக்காரனாகிவிட்டானாம். இறந்துபோனவனைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். முதுகில் எண் உரிந்துபோய்ப் பசைத் தடம் மட்டும் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறிய அன்றுதான் இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்கள். ஸெயின்ட்ஸா, ஐயோ பாவம் என்றார்கள். அதே ரயிலில், அதே ஆட்களோடு, திங்கள் முதல் வெள்ளி வரை டை கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். யாரும் பார்த்ததில்லை. நம் ஊரில் கரை வேட்டி கட்டினவனுக்குத் தாலுகா ஆபீஸில் நாற்காலி கிடைக்கும். அங்கே கரைக்கு ஒரு விலை உண்டு, கட்டுகிறவனுக்கும் நாற்காலி கொடுக்கிறவனுக்கும் அது தெரியும். இங்கே எனக்குக் கிடைத்தது விலையில்லாத அனுதாபம். ஆகவே அது அசலானது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், ஆட்டம் முடிந்து திரும்பும்போது, ரயிலில் எதிரே ஒரு மனிதர். அணி அடையாளம் எதுவுமில்லை, நிறையக் குடித்திருந்தார். பூர்வகுடி ஆட்டக்காரர்களைப் பற்றி அவர்கள் நிறத்தை வைத்து உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் என்னைப் பார்த்தார். என் கையை ஒருமுறை, ஜம்பரை ஒருமுறை. "உன்னைச் சொல்லலை, மேட். நீ ஃபுட்டி ஆளு" என்றார். "அவங்களும்தான்" என்றேன். அவர் அதை ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே அடுத்த நிலையத்தில் இறங்கிப்போனார். எனக்கு அன்று விதிவிலக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் பாலியெஸ்டர். என் தோல் அவர் கண்ணில் பட்டது. பட்ட பிறகு சட்டை அதை மன்னித்தது.

ஸெயின்ட் கில்டாக்காரர்கள் மூன்றாவது ஆட்டம் என்று ஒன்றைச் சொல்வார்கள். 1966க்கும் 2010க்கும் அடுத்தபடியாக. 1993 ஏப்ரல் 17, விக்டோரியா பார்க், காலிங்வுட்டின் சொந்த மைதானம். நிக்கி வின்மர், மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் இனத்தவர். அவரையும் கில்பர்ட் மக்ஆடமையும் காலிங்வுட் கூட்டம் நாள் முழுக்க நிறத்தைச் சொல்லித் திட்டியது. இருவரும் பிரமாதமாக ஆடினார்கள், ஸெயின்ட் கில்டா ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் வின்மர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையால் ஜம்பரை மேலே தூக்கி, மறு கையால் தன் தோலைச் சுட்டிக் காட்டினார். இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1995ல் நிறத்தைச் சொல்லி ஏசும் ஆட்டக்காரர்களுக்கு எதிராக லீக் விதி கொண்டுவந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம். 2019ல் பெர்த் மைதானத்துக்கு வெளியே அதைச் சிலையாக்கி வைத்தார்கள்.

எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது வேறு. வின்மர் சட்டையைக் கழற்றவில்லை, தூக்கினார். கழற்றி எறிந்திருந்தால் அது இன்னொரு செய்தி; வேண்டாம் உங்கள் ஆட்டம் என்று அர்த்தமாகியிருக்கும். தூக்கிப் பிடித்ததில் சட்டையும் இருக்கிறது, தோலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார் என்கிறது அந்த விரல். பல வருஷங்கள் கழித்துச் சிலர், அவர் தோலைக் காட்டவில்லை, வயிற்றுத் துணிச்சலைத்தான் காட்டினார் என்று வியாக்யானம் செய்தார்கள். பிறகு 2020ல் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உரைகாரன் மூலத்தை மழுங்கடிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் மூலம் உயிரோடு எதிரே நிற்கும்போதே அதைச் செய்ய ஒரு தனித் தைரியம் வேண்டும்.

வின்மரின் தோலும் என் தோலும் ஒன்று என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவர் ஜனங்கள் இந்த மண்ணில் இருந்தவர்கள், பறிகொடுத்தவர்கள். நான் விசா வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பறிப்பின் மேல் கட்டிய நகரத்தில் சம்பளம் வாங்குகிறவன். ரயில் மனிதர் என்னை விலக்கி வைத்தபோது அவர் வைத்த வரிசையில் நான் வின்மருக்கு எந்தப் பக்கம் நின்றேன்? இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு மார்ச்சிலும் பரணிலிருந்து அந்தச் சட்டையை எடுக்கிறேன். அதற்காகப் போடாமல் இருப்பதில்லை.

வின்மரின் எண் 7. 2010ல் அந்தப் பந்தை உதைத்த லெனி ஹேய்ஸின் எண்ணும் 7. 2025ல் அதை அணிந்தவர் நசையா வாங்கனீன்-மிலேரா, பூர்வகுடி இளைஞர். அந்த ஜூலை 27ஆம் தேதி, மெல்பர்ன் அணியோடு, கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஸெயின்ட் கில்டா 46 புள்ளி பின்தங்கியிருந்தது. எனக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் ரயிலைப் பிடிக்க எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 128 வருஷத்து அனுபவம். கடைசி நிமிஷத்தில் அந்தப் பையன் ஒரு கோல் உதைத்துச் சமன் செய்தான். உடனே இன்னொரு பந்தைக் கையில் பிடித்தான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதிய பிறகு, பிடித்த இடத்திலிருந்து நிதானமாக உதைத்தான். நேராகப் போயிற்று. லீக் சரித்திரத்தில் கடைசிக் கால் பகுதியில் இவ்வளவு பின்தங்கி ஜெயித்தவர்கள் கிடையாது. அந்த வருஷமும் ஸெயின்ட் கில்டா இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஜம்பரை எடுத்துக்கொண்டு போன வாரம் அச்சுப்போடும் கடைக்குப் போனேன். பசைத் தடத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள் கடைக்காரப் பெண். என்ன எண் என்று கேட்டாள். சொன்னேன். யாரை நினைத்துக்கொண்டு என்று அவள் கேட்கவில்லை. எண்ணின் மேல் நேராக இஸ்திரி படக்கூடாதாம். உள்பக்கத்தை வெளியே திருப்பிப்போட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.