கரையேறாத ஏப்ரல்

2020 மார்ச் முதல் வாரத்தில் பனாமாவிலிருந்து மார்க்கெசஸ் தீவுகளுக்குப் பாய் விரித்தபோது, கொரோனா எங்களுக்குச் சீனாவிலும் இத்தாலியிலும் நடக்கிற விஷயம். படகு என் கல்லூரித் தோழனுடையது. 42 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், கனடாக் கொடி. அவனும் அவன் மனைவியும் வேலையை விட்டுவிட்டுச் சில வருடங்களாகப் படகிலேயே குடியிருந்தார்கள். கூடவே சிங்கன் என்ற நாயும் மீனாட்சி என்ற பூனையும். பசிபிக்கைக் கடக்க இரவுக் காவலுக்கு இன்னொரு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 4000 கடல் மைல். நடுவில் கேலாபகஸை விட்டால் ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

மிருகங்களோடு கடல் கடப்பதை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து அந்தப் படகில் மிகக் கவனமாக யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அவர்களுக்குத்தான். ஓரக் கம்பிகளுக்கு இடையே சுற்றிலும் வலை. இரண்டு பேருக்கும் முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை. பின்பக்கம் தண்ணீரில் தொங்கும் ஒரு தடித்த கயிறு, பூனை விழுந்தால் நகத்தால் பற்றி ஏற. முன்தளத்தில் செயற்கைப் புல் விரிப்பு ஒன்று; அதன் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். சிங்கன் காலைக்கடனை முடித்ததும் அதைக் கடலில் வீசி இழுத்தால் சுத்தமாகிவிடும். கிளம்பிய புதிதில் அவன் ஒரு பகலும் இரவும் அடக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்தப் புல்லில் காலைத் தூக்கியபோது மூன்று பெரியவர்கள் கை தட்டினோம். மீனாட்சிக்குக் கடல் பழக அவ்வளவு நேரம் ஆகவில்லை. இருட்டில் கோலா மீன் தளத்தில் வந்து விழும் சத்தம் கேட்டால் போதும், என் போர்வைக்குள்ளிருந்து அம்பாகப் பாய்வாள். விடிந்து பார்த்தால் இறக்கை மட்டும் பலகையில் ஒட்டிக் கிடக்கும்.

பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் காற்று செத்துப்போகும். பிறகு திடீரென்று கறுத்துக்கொண்டு சூறை அடிக்கும். அப்படியொரு இரவில் தோழனும் நானும் பெரிய பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, கீழே கேபினில் சிங்கனுக்கு வலிப்பு வந்தது. அவனுக்கு அந்த நோய் உண்டு. தினம் இருவேளை மாத்திரை. தோழனின் மனைவி தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மேசையில் முட்டுக்கொடுத்து, அவன் தலை எதிலும் மோதாமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, மேல பாத்துக்கோங்க, இவனை நான் பாத்துக்கறேன்" என்றாள். சூறை தணிந்து நான் இறங்கியபோது சிங்கன் நனைந்த கோணி மாதிரி கிடந்தான். பூனை அவன் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தது.

செய்திகள் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். எங்களிடம் இருந்தது கையகல சாட்டிலைட் கருவி. ஒரு செய்திக்கு 160 எழுத்துதான் தாங்கும். சென்னையிலிருந்து தங்கை அனுப்புவாள். உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11-ல் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது ஒரு செய்தியில் வந்தது. ஈக்வடார் எல்லையை மூடிவிட்டது, கேலாபகஸும் கிடையாது என்பது இன்னொன்றில். பிறகு, நாங்கள் போய்க்கொண்டிருந்த, மார்க்கெசஸ் அடங்கிய பிரெஞ்சு பாலினீசியாவே மூடிக்கொண்டது. இந்தியாவில் ஊரடங்கு என்று வந்த செய்தியில் அம்மாவைப் பற்றிய கடைசி வாக்கியம் பாதியில் அறுந்திருந்தது. மீதி வந்துசேர ஓர் இரவு ஆயிற்று. "நல்லா இருக்கா" என்பதுதான் அந்த மீதி.

வெளிச்சத்தில் பார்த்தால் எங்களைச் சுற்றி எதுவும் மாறவில்லை. அதே தென்கிழக்குக் காற்று, பின்னாலிருந்து தள்ளும் அதே அலை. பூமியிலேயே நோய் எட்டமுடியாத மூன்று பேராக அன்று நாங்கள் இருந்திருப்போம். ஆனால் திரும்ப முடியாது. அந்தக் காற்றை எதிர்த்து ஈராயிரம் மைல் பின்னால் போவதற்கு டீசல் இல்லை. சிங்கனின் மாத்திரையைத் தோழன் எண்ணி எண்ணி டப்பாவில் போட்டான். டஹிட்டியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது பழைய திட்டம். "கரைக்கு வராதேன்னு சொன்னா எங்கடா போவோம் மச்சான்?" என்று ஓர் இரவு காவல் மாறும்போது கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எதிர்ப்புறம் அவுஸ்திரேலியா வரை எல்லாத் துறைமுகமும் பூட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில், மார்க்கெசஸ் தீவுகளில் ஒன்றான நூக்கு ஹிவா தெரிந்தது. கடலிலிருந்து நேராக எழும் கரும்பாறை, அதன்மேல் கண் கூசும் பச்சை. வழக்கப்படி மஞ்சள் கொடியை ஏற்றினோம். புதிய நாட்டுக்குள் வரும் எந்தப் படகும், அனுமதி கிடைக்கும்வரை, 'எங்களிடம் நோய் இல்லை, உள்ளே விடுங்கள்' என்று கேட்டுப் பறக்கவிடும் கொடி அது. மற்ற சமயங்களில் ஒரு சடங்கு. அன்று அந்தத் துணியைக் கட்டும்போது என் கை நடுங்கியது. டாயோஹே வளைகுடாவில் எங்களுக்கு முன்பே வந்த படகுகள் கூட்டமாக நங்கூரம் போட்டிருந்தன. வானொலியில் ஒரு குரல் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னது: நங்கூரம் போடலாம். கரைக்கு வரக்கூடாது. நீந்தக்கூடாது.

பிரெஞ்சு பாலினீசியாவில் வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அதனால் வெளியிலிருந்து படகில் வரும் நாயும் பூனையும் எல்லாக் காலத்திலும் படகைவிட்டு இறங்கக்கூடாது என்பது விதி. அவை ஆரோக்கியமாகத்தான் இருக்கும், ஆனாலும் இறங்கக்கூடாது. இந்த முறை மனிதர்களையும் அதே விதியில் சேர்த்துவிட்டார்கள். தோழனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாலு வாரம் ஆள் முகமே பார்க்காமல் வந்திருக்கிறோம், நம்மிடம் என்ன நோய் இருக்கும் என்று கத்தினான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. எனக்கும் முதல் நாள் அந்த ஆத்திரம் இருந்தது.

அந்தத் தீவுகளின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு ஆத்திரம் நிலைக்காது. 1863-ல், பெருவுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தீவுவாசிகளைத் திருப்பிக் கொண்டுவந்த கப்பல் நூக்கு ஹிவாவில் பெரியம்மையையும் இறக்கிவிட்டது. அங்கும் பக்கத்துத் தீவான உவா பூவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். வெள்ளைக்காரர் வருமுன் பல பத்தாயிரம் பேர் வாழ்ந்த மார்க்கெசஸில் 1920களில் மிஞ்சியவர்கள் சுமார் 2000 பேர். 1918 நவம்பரில் ஒரு கப்பல் டஹிட்டிக்குள் விஷக்காய்ச்சலைக் கொண்டுவந்தது. இன்னொரு கப்பல் மேற்குச் சாமோவாவில் ஐந்தில் ஒருவரைக் கொன்றது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சாமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. இவ்வளவும் நடந்த மண்ணில், பாய்மரத்தைக் கண்டதும் கதவைச் சாத்துபவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

சாத்தியவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் சும்மா நிற்கவில்லை என்பதைத்தான் நான் எழுத வேண்டும். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, துணை மரம் கட்டிய சிறு ஓடத்தில் ஒருவர் துடுப்புப் போட்டு வந்தார். பத்தடி தள்ளி நின்று "கவோஹா" என்று வணக்கம் சொன்னார். ஒரு சாக்கைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டுவிட்டு, நாங்கள் இழுத்துக்கொள்ளும்வரை விலகியே நின்றார். உள்ளே பம்பளிமாஸ், வாழைத்தார், இரண்டு சீமைப்பலா. வாரக்கணக்கில் டப்பா உணவு தின்ற வாயில் அந்தப் பம்பளிமாஸ் சுளை உடைந்தபோது தோழனின் மனைவி அழுதுவிட்டாள். பணம் காட்டினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, சிங்கனைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டே அடுத்த படகுக்குப் போனார்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருந்தபோது படகுகளின் காலை வானொலிக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னோம். யாரோ டஹிட்டியில் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். நாய்க்குக் கொடுப்பதும் வலிப்புள்ள மனிதர்களுக்குக் கொடுப்பதும் ஒரே மருந்துதான்; அவர் சீட்டை மின்னஞ்சலில் அனுப்ப, தீவிலிருந்த மருத்துவமனை தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. முகக்கவசம் போட்ட ஒரு பெண் படகுத்துறைப் படியில் உறையை வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றாள். ரப்பர் படகில் போய் எடுத்தவன் நான்தான். உறைமேல் நாயின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுதியிருந்தாள்.

அதே ஏப்ரலில் வேறொரு படகைப் பற்றி அங்கே கைபேசியில் படித்தேன். மலேசியாவுக்குள் விடாமல் திருப்பப்பட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் கடலில் அலைந்து, கிட்டத்தட்ட 400 ரோஹிங்யா அகதிகளோடு வங்கதேசக் கரையில் மீட்கப்பட்ட படகு. பலர் பசியிலும் தாகத்திலும் வழியிலேயே இறந்து கடலில் போடப்பட்டார்கள். அங்கும் சொன்ன காரணம் நோய்ப் பயம்தான். என்னிடம் கடவுச்சீட்டும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் இருந்தன. எங்கள் நாய்க்கு மாத்திரைகூடக் கிடைத்தது. கதவைச் சாத்துவது ஒன்று, சாத்திவிட்டுச் சாகவிடுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தோழனிடம் சொல்லி அன்று இரவு நெடுநேரம் சண்டை போட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் சாமான் சீட்டு எழுதும்போது, ஓடக்காரருக்கு என்று தன் மீன்பிடித் தூண்டில்களில் நல்லதாக ஒரு செட்டை எடுத்து வைத்தான்.

ஏப்ரல் கடைசியில் கட்டுப்பாடுகள் தளர ஆரம்பித்தன. நாங்கள் மூவரும் கரையேறி, கால் தள்ளாட, கடற்கரைச் சாலையில் ரொட்டி வாங்க நடந்தோம். ஜூலையில் நான் டஹிட்டியிலிருந்து விமானம் ஏறினேன். அவர்கள் அந்த வருடம் முழுவதும் பாலினீசியாவிலேயே தங்கிவிட்டார்கள். சிங்கனுக்கு அதன்பிறகு ஒருமுறைதான் வலிப்பு வந்தது என்று தோழனின் மனைவி எழுதியிருந்தாள்.